சேற்றில் உட்காரும் படகு: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையில் பிளாக்வாட்டர் ஆற்றின் முகத்துவாரத்தில் நான் வைத்திருக்கும் பழைய பாய்ப்படகைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 26 அடி, வெஸ்டர்லி சென்டார் என்ற ரகம், 1974-இல் கட்டியது. அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உங்கள் படகு மணிக்கு எட்டுக் கிலோமீட்டர்தான் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். சைக்கிளே அதைவிட வேகமாகப் போகும். இதில் அப்படி என்ன சந்தோஷம்? (வாசகி, பொள்ளாச்சி)

கணக்குச் சரிதான். நல்ல காற்று அடித்தால் நாலரை நாட் வரும், அதாவது எட்டுக் கிலோமீட்டரும் கொஞ்சமும். இந்த முகத்துவாரத்தில் உள்ள பிராட்வெல் ஊரிலிருந்து வடகிழக்கே இருக்கிற வால்டன் காயலுக்குக் காரில் போனால் ஒன்றரை மணி நேரம், படகில் ஆறு மணி நேரம்.

ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை எப்படிப் பிடிக்கிறோம் என்று பாருங்கள். வாலெட் என்கிற கடல்வழியில் தண்ணீர் வற்றும்போது நீரோட்டம் வடகிழக்கே ஓடும், ஏறும்போது தென்மேற்கே திரும்பும். அதனால் பிராட்வெல்லில் தண்ணீர் முழுதாக ஏறி நிற்கிற நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும். அது காலை ஐந்து மணியானாலும் ஐந்து மணிதான். வற்றுகிற தண்ணீர் நம்மை ஆறு மணி நேரம் கூடவே கூட்டிக்கொண்டு போகும், வால்டன் வாசலில் இருக்கிற பை எண்ட் மிதவைக்குப் போய்ச் சேரும்போது கடல் வற்றி முடிந்து மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும், அந்த ஏற்றமே நம்மை உள்ளே தள்ளிவிடும். இப்படி ஒரு நாள் கச்சிதமாக அமைந்துவிட்டால் அதன் திருப்தி ஒரு வாரத்துக்கு இருக்கும். உள்ளே போனால் சேற்றுத் திட்டில் கடல்நாய்கள் படுத்திருக்கும். அங்கே உள்ள சேற்றில் இரும்புத் துரு அதிகம் என்பதால் அவற்றின் மேல் ரோமமெல்லாம் செங்கல் நிறமாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

இன்னொன்று, எஞ்சினை நிறுத்துகிற நிமிஷம். கரையை விட்டு வெளியே வந்து, பெரிய பாயை ஏற்றி, முன்பாயை விரித்து, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்ததும் முதலில் ஒன்றுமே கேட்காது, அப்புறம் மெதுவாகப் படகின் பக்கவாட்டில் தண்ணீர் உரசி ஓடுகிற சத்தம் வரும். அந்த நேரம் சுக்கான் பிடியில் கை இருந்தால் தெரியும், அதுவரை வெறும் கட்டையாக இருந்தது உயிர் வந்த மாதிரி மெல்ல இழுக்கும். என் படகில் அது ஒரு மரப்பிடி, எனக்கு முன்னால் இருந்தவர்கள் கை வைத்த இடத்தில் வார்னிஷ் போய் மழமழவென்று இருக்கிறது. படகு சின்னது என்பதால் யாராவது எழுந்து அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, நடந்தால்கூட அந்தப் பிடியில் தெரிந்துவிடும். பெரிய படகில், சக்கரத்தைத் திருப்பி ஓட்டுகிற படகில், இது கிடைக்காது.

பாய்ப்படகெல்லாம் பணக்காரர்கள் விளையாட்டு அல்லவா? உண்மையில் எவ்வளவு ஆகும்? (கல்லூரி மாணவர், சேலம்)

புதிதாக வாங்கினால் பணக்காரர் விளையாட்டுத்தான் தம்பி. பழையது வேறு கதை. 1960, 70-களில் கண்ணாடி இழையில் படகு கட்ட ஆரம்பித்தபோது அந்தப் பொருள் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று தடிமனாகவே வார்த்தார்கள். அது அழியவே இல்லை. என் ரகப் படகு மட்டும் 1969-இலிருந்து 1980 வரை 2,400-க்கு மேல் கட்டினார்கள், அதில் ஏகப்பட்டவை இன்னும் மிதக்கின்றன. வாங்க வருகிறவர்களைவிட விற்கிற படகுகள் அதிகம் என்பதால் சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைத்துவிடும், ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலை.

செலவு அதற்கப்புறம்தான். கட்டிவைக்க இடத்துக்கு வாடகை உண்டு. பாலத்தோடு, கரண்டோடு கரையோரமாகக் கட்டினால் அதிகம், ஆற்று நடுவே மிதவையில் கட்டிவிட்டுச் சின்னத் துடுப்புப் படகில் போய்வந்தால் குறைவு. நான் மிதவைதான். வருஷத்துக்கு ஒரு தடவை மேலே தூக்கி, அடியில் ஒட்டியிருக்கிற கொட்டலசு என்கிற சின்னச் சிப்பி மாதிரி உயிர்களைச் சுரண்டி, அது மறுபடி ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அடியில் துத்தநாகக் கட்டி ஒன்று திருகியிருக்கும், உப்புத் தண்ணீர் முதலில் அதைத் தின்னும், உள்ளே இருக்கிற வெண்கலத்தைத் தின்னாது, அதையும் மாற்ற வேண்டும். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கிற கம்பிகளைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. நாலைந்து வருஷத்தில் இதெல்லாம் சேர்ந்து படகின் விலையைத் தாண்டிவிடும், அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஆனால் இந்த வேலைகளைச் செலவுக் கணக்கில் மட்டும் போடாதீர்கள். நான் வாங்கும்போது இடதுபக்கப் பெரிய ஜன்னல் ஒழுகியது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, மெத்தையைத் தூக்கிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. ஒரு சித்திரை மாதத்தில் அதைக் கழற்றினேன். அலுமினியச் சட்டத்தில் கல்லாகிப்போன பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே முழுதாக ஒரு நாள். மறுநாள் பியூட்டைல் என்கிற பசைபோன்ற ரப்பர் நாடாவைச் சுற்றிலும் ஒட்டி, சட்டத்தை வைத்து, திருகுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கால் சுற்று மட்டும் திருகி, பசை பிதுங்கி வெளியே வரும்வரை காத்திருந்து, மறுபடி கால் சுற்று, இப்படியே சாயங்காலம் வரை. அந்த வாரமே கொட்டு கொட்டென்று மழை. நான் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்து ஜன்னலின் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. அந்த ராத்திரி அந்த ஜன்னலுக்குக் கீழே உள்ள மெத்தையில்தான் படுத்தேன்.

கடல் வற்றும்போது படகைச் சேற்றில் உட்கார வைப்பதாக எழுதியிருந்தீர்கள். கவிழ்ந்துவிடாதா? நம் பக்கத்தில் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை. (ஆசிரியர், நாகர்கோவில்)

கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை சார், ஏனென்றால் நம் பக்கத்துக் கடல் அவ்வளவு வற்றாது. நான் பிறந்த தூத்துக்குடியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் வராது. இங்கே பிளாக்வாட்டரில் அதே நாட்களில் நாலு மீட்டரைத் தாண்டும். மத்தியானம் கப்பல் போன இடத்தில் சாயங்காலம் காக்கை நடக்கும்.

எல்லாப் படகும் இதற்கு ஒத்துவராது. படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடுவதை நம் ஊரில் ஏரா என்பார்கள். பெரும்பாலான பாய்ப்படகுகளில் நடுவே ஒரே ஏரா ஆழமாக இறங்கியிருக்கும், தண்ணீர் போனால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். சென்டாரில் இடதும் வலதுமாக இரண்டு. மொத்தம் மூன்றடித் தண்ணீர் போதும் மிதக்க, அதுவும் இல்லை என்றால் இரண்டு கால் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குக் கொடுக்கிற விலை, எதிர்க்காற்றில் மற்றப் படகுகள் அளவுக்கு நெருக்கிப் போகாது, கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கும். எனக்கு அந்த விலை சம்மதம்.

தண்ணீர் ஒரே சீராக இறங்காது, அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மும்மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. 4.2 மீட்டர் இறங்குகிற நாளில் ஒரு பங்கு 35 சென்டிமீட்டர். அப்படியானால் மூன்றாவது மணியில் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும், என் படகு மிதக்கத் தேவையான ஆழத்தைவிட அதிகம். கொஞ்சம் அசந்தால் நினைக்காத இடத்தில் உட்கார்ந்துவிடுவோம்.

வேண்டும் என்றே உட்காருவதானால், மத்தியானம் ஒரு மணிக்கு நிறைதண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணி சுமாருக்கு ஓர் ஓடைக்குள் நுழைந்து நங்கூரத்தைப் போடுவேன். அந்த ஓடையை முன்பே ஒரு நாள் வற்றிய நேரத்தில் பார்த்திருக்க வேண்டும். கல் இருக்கிறதா, பழைய சிப்பி வளர்ப்புக் கம்பு இருக்கிறதா, யாராவது விட்டுப்போன இரும்பு கிடக்கிறதா என்று தெரியாமல் உட்காரவே கூடாது. மணல் வேண்டாம், அலை வந்தால் ஏரா மணலில் டங்கு டங்கென்று இடிக்கும், சேறுதான் நல்லது. வருடத்திலேயே தண்ணீர் மிக உயரமாக ஏறுகிற நாளில், அதன் உச்சியில் போய் உட்கார்ந்துவிடவும் கூடாது, அடுத்த ஏற்றம் அவ்வளவு உயரம் வராது, நாள்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மூன்றரைக்கு ஒரு சின்ன அசைவு. கால் தரையைத் தொட்ட மாதிரி. மறுபடி மிதக்கும், மறுபடி தொடும். அப்புறம் அசைவே நின்றுவிடும். பாத்திரத்தில் தேநீர் அசையாமல் நிற்கும். வெளியே தண்ணீர் ஓடை நடுவே ஒரு கோடாக ஒடுங்கி, சுற்றிலும் சேறு வெயிலில் பளபளக்கும், சேற்றுக்குள் இருக்கிற சின்னச் சின்ன உயிர்கள் மூச்சு விடுகிற சத்தம் பொட்டுப் பொட்டென்று நாலு பக்கமும் கேட்கும். யாரும் உங்களிடம் வர முடியாது, நீங்களும் எங்கேயும் போக முடியாது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு அடியில் தண்ணீர் வந்து தட்டும், படகு சிலிர்த்துக்கொண்டு எழும். எனக்கு இந்தக் கடற்கரையில் இதைவிடப் பிடித்தது ஒன்றும் இல்லை.

கடலில் வாந்தி வருமா? (வாசகி, தருமபுரி)

வரும். எனக்கும் வருஷத்தின் முதல் பயணத்தில் வயிற்றைப் பிரட்டும். சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள், உள்ளே போய்க் குனிந்து எதையும் தேடாதீர்கள், வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும்விடச் சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

எங்கள் பூர்வீகம் வல்வெட்டித்துறை. அன்னபூரணி என்ற கப்பல் பாயை விரித்து அமெரிக்கா போனதாக அப்பா சொல்வார். உண்மையா? உங்கள் படகில் அப்படிப் போக முடியுமா? (வாசகி, டொராண்டோ)

முழு உண்மை அக்கா. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அது, 89 அடி. தமிழ் மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாகக் கொண்டுபோய், அட்லாண்டிக்கைக் கடந்து, 1938-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளோஸ்டரே பெரிய மீன்பிடித் துறைமுகம், பாய்க்கப்பல் கட்டுவதும் ஓட்டுவதும் அந்த ஊருக்குப் புதிதல்ல. அந்த ஊருக்கு நம் ஆட்கள் பாயை விரித்துக்கொண்டு போய் இறங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அதை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். அவர் அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1928-இல் புறப்பட்டு 1931-க்குள், 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். என் படகைவிட ஆறடிதான் நீளம். சின்னப் படகில் உலகம் சுற்றியவருக்கு, எங்கே நல்ல கப்பல் கட்டுகிறார்கள் என்று வல்வெட்டித்துறையைப் பார்த்ததும் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்து மரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நடுவில் எங்கும் நிற்காமல், தனி ஆளாக, முதன்முதலில் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி', பம்பாயில் தேக்கில் கட்டியது, அதுவும் 32 அடிதான். 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்தில் புறப்பட்டு 1969 ஏப்ரலில் அதே இடத்துக்கு வந்தது. அப்படிச் சுற்றி வர அப்போது நடந்த போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தது அவர் ஒருவர்தான். அதற்கும் முன்னால், எரிக், சூசன் ஹிஸ்காக் தம்பதி 'வாண்டரர் III' என்ற 30 அடிப் படகில் 1952-இலிருந்து 55 வரை உலகம் சுற்றினார்கள். அந்தப் படகைக் கட்டியது எங்கள் பக்கத்து ஆற்றில் உள்ள பர்னம் ஊரில். வரைந்தது லாரன்ட் கைல்ஸ் நிறுவனம், என் சென்டாரை வரைந்ததும் அவர்களே.

என் படகில் போகலாமா என்றால், போகிறவர்கள் இருப்பார்கள், நான் போக மாட்டேன். ஆற்றுக்கும் ஓடைக்கும் ஒரு நாள் கடலுக்கும் என்று கட்டிய படகு அது, அதை அந்த வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

உள்ளே சமையல் உண்டா? என்ன சாப்பிடுவீர்கள்? (வாசகி, திருச்சி)

இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சின்னக் குக்கர். படகுக்குக் குக்கரைப் போல ஒரு பாத்திரம் கிடையாது, காஸ் மிச்சம், ஆட்டத்தில் சாய்ந்தாலும் கொட்டாது. பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டு, நாலு மிளகு, கொஞ்சம் பெருங்காயம், இரண்டு விசில். மழை நாளில் அந்த ஆவி கண்ணாடியில் படிந்து, வெளியே எல்லாம் சாம்பல் நிறமாக, உள்ளே நெய் வாசனையாக இருக்கும். மெர்ஸி தீவுப் பக்கம் சிப்பிக்குப் பேர்போனது, கரைக்கு இறங்கினால் அதுவும் கிடைக்கும், ஆனால் ராத்திரிக்கு எனக்குப் பருப்புச் சோறுதான். கை நீட்டினால் அடுப்பு, மறு கை நீட்டினால் புத்தகம், காலை நீட்டினால் படுக்கை. இடம் குறைவு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

நாற்பது வருஷம் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவன் நான். நீங்கள் எல்லாம் எஞ்சின் வைத்துக்கொண்டு பாய் ஓட்டுகிறீர்கள். நடுவழியில் அது நின்றால் என்ன செய்வீர்கள்? (வாசகர், தூத்துக்குடி)

அண்ணாச்சி, நின்றிருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

மூன்று வருஷம் முன்னால், வால்டனிலிருந்து திரும்பி வரும்போது, சோழகத்துக்கும் கச்சானுக்கும் நடுவிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து காற்று, நல்ல பலம். நீரோட்டம் காற்றுக்கு எதிரே ஓடியதால் அலை குட்டை குட்டையாக, செங்குத்தாக எழுந்தது. நேரமாகிவிட்டது என்று எஞ்சினையும் போட்டுக் காற்றுக்கு முகம் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தக் குலுக்கலில் டீசல் தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த கசடு கலங்கி, வடிகட்டியை அடைத்து, எஞ்சின் இருமி நின்றுவிட்டது. தொட்டியைக் கழுவாமல் விட்டது என் தப்பு.

அப்புறம் செய்தது நீங்களும் செய்திருப்பீர்கள். முன்பாயை மறுபக்கம் மாற்றாமல் காற்றுப் பக்கமே இழுத்துப் பிடிக்க வைத்து, பெரிய பாயைச் சுருக்கி, சுக்கான் பிடியைக் காற்றடங்கும் பக்கம் கயிற்றால் கட்டினேன். ஒரு பாய் முன்னே தள்ள, இன்னொன்று பின்னே தள்ள, படகு நடுக்கடலில் வாத்து மாதிரி அமர்ந்துவிட்டது. அதே காற்று, அதே அலைதான், ஆனால் சத்தம் பாதியாகிவிட்டது. காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் எதிர்ப்பக்கம் தள்ள, ஏறக்குறைய அங்கேயே நின்றேன். வடிகட்டியை மாற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்ற இருபது நிமிஷம். முடித்ததும் தேநீர் போட்டுக் குடித்தேன். அது அவசரமில்லைதான், ஆனால் படகு அவ்வளவு அமைதியாக நின்றது. அதற்கப்புறம் எஞ்சினைப் போடவே மனம் வரவில்லை, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து பாயிலேயே வந்து, இருட்டின பிறகு மிதவையைப் பிடித்தேன்.

தோணிக்காரர்கள் எஞ்சின் இல்லாமல் மன்னார் வளைகுடாவைக் கடந்ததை நினைத்தால் நான் செய்தது ஒன்றுமில்லை. உங்கள் அனுபவங்களை யாராவது உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும் அண்ணாச்சி. நீங்கள் சரி என்றால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நானே நோட்டுப் புத்தகத்தோடு வருகிறேன்.

சென்னையில் பாய்ப்படகு கற்றுக்கொள்ள முடியுமா? (வாசகர், அம்பத்தூர்)

முடியும். துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, 1911-இல் தொடங்கியது. உள்ளே படுத்துத் தூங்க இடமுள்ள படகைப் பற்றி இப்போது நினைக்காமல், சின்னப் பாய்ப்படகில் தொடங்குங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கன்னத்தால் தெரிந்துகொள்கிற பழக்கம் அதில்தான் வரும். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு இந்த அளவுப் படகு ஓட்ட லைசென்ஸ் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் நான் ஐந்து நாள் பயிற்சி முடித்துவிட்டுத்தான் தொட்டேன். உயிர்காப்பு உடுப்பைப் போடாமல் மேல்தட்டில் கால் வைப்பதில்லை.

உங்கள் படகு பேர் என்ன? ராத்திரி தனியாகத் தூங்கப் பயமாக இருக்காதா? (ஆறாம் வகுப்பு மாணவி, ராமநாதபுரம்)

பேர் 'கர்லூ', பாப்பா. முதலில் வாங்கியவர் வைத்தது, நான் மாற்றவில்லை. அது ஒரு பறவை, பழுப்பு நிறம், அலகு நீளமாகக் கீழே வளைந்திருக்கும், சேற்றுக்குள் விட்டுப் புழு எடுக்கத்தான் அந்த வளைவு. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும், உன் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைகளுக்கும் வரும். ஓரத்தில் தனியாக நடந்துகொண்டிருக்கும், அடுத்த தடவை போகும்போது தேடிப் பார்.

முதல் வருஷம் பயமாகத்தான் இருந்தது. எந்தச் சத்தம் எது என்று தெரியாது. டக் டக் என்றால் கயிறு பாய்மரத்தில் அடிக்கிறது, எழுந்து போய் ஒரு துண்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் நின்றுவிடும். கரகர என்றால் நீரோட்டம் திரும்பி நங்கூரச் சங்கிலி தரையில் புரள்கிறது. சளக் என்றால் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு, அவை கேட்கும்போதுதான் நல்ல தூக்கம் வருகிறது. அக்டோபரில் சைபீரியாவிலிருந்து கறுப்பு வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கும், அவை ராத்திரி முழுக்கத் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். எல்லாம் அடங்கி, தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்த பிறகு, தூரத்தில் எங்கிருந்தோ அந்தக் கர்லூ தன் பேரைத் தானே சொல்லிக் கூப்பிடும், கர்ர்-லீ, கர்ர்-லீ என்று.